மக்காச்சோளத்துக்குத் தண்ணீரும் உரமும்: எப்போது, எவ்வளவு, எப்படி

மக்காச்சோளத்துக்கு இட்ட யூரியாவின் கதி, இட்ட பிறகு பாயும் முதல் தண்ணீரில் இருக்கிறது. தண்ணீர் வராமல் ஈர மண்ணின் மேலேயே கிடந்தால் அம்மோனியாவாக ஆவியாகிறது. அளவுக்கு மீறி வந்தால் வேர் எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. நாள்கணக்கில் தேங்கி நின்றால் மண்ணிலிருக்கும் நைட்ரேட் வாயுவாக மாறிப் பறந்துபோகிறது. மூன்றிலும் பணம் போகிறது, பயிர் மஞ்சளாக நிற்கிறது. அதனால் தண்ணீருக்கு ஒரு அட்டவணை, உரத்துக்கு வேறொரு அட்டவணை என்று பிரித்து வைக்காமல் இரண்டையும் ஒன்றாகவே திட்டமிட வேண்டும்.

கீழே உள்ள கணக்குகள் எல்லாம் ஒரு ஏக்கருக்கு. வீரிய ஒட்டுரகம், 60 செ.மீ. இடைவெளியில் வரிசை, வரிசைக்குள் 25 செ.மீ.க்கு ஒரு செடி, ஏக்கருக்குச் சுமார் 27,000 செடி என்று வைத்துக்கொண்டு போட்டவை.

பயிர் குடிக்கும் தண்ணீர்

விதைப்பு முதல் அறுவடை வரை மக்காச்சோளத்துக்கு 500 முதல் 800 மி.மீ. தண்ணீர் தேவை. ரகத்தின் வயது, வெயில், காற்று ஆகியவற்றைப் பொறுத்து இது ஏறி இறங்கும். ஆனால் மொத்த அளவைவிட அது எந்த நாளில் எவ்வளவு தேவைப்படுகிறது என்பதுதான் முக்கியம். முளைத்து மூன்று வாரம் வரை ஒரு நாளைக்கு 2 முதல் 3 மி.மீ. போதும். முழங்கால் உயரம் தாண்டியதும் 4, 5 என்று ஏறும். ஆண் பூ வெளிவந்து கதிரில் நூல் விடும் நாட்களில் 6 முதல் 8 மி.மீ. வரை குடிக்கும். மணி இறுகத் தொடங்கியதும் மெல்லக் குறையும்.

ஏக்கருக்கு 1 மி.மீ. என்றால் ஏறக்குறைய 4,000 லிட்டர். பூக்கும் நாட்களில் 7 மி.மீ. என்றால் 28,000 லிட்டர். செடிக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு லிட்டரை மண் தன்னிடம் வைத்திருக்கிறதா என்பதே கேள்வி.

வானிலை நிலையத்தின் ஆவியாதல் கணக்கு கிடைக்கிறவர்கள் இன்னும் துல்லியமாகப் போகலாம். அன்றைய ஆதார நீராவிப்போக்கு அளவை (புல் மூடிய நிலத்திலிருந்து அன்று ஆவியாகப் போகும் தண்ணீர், மி.மீ.யில்) இளம்பயிரில் 0.4-ஆலும், பூக்கும் காலத்தில் 1.2-ஆலும், முதிர்ச்சி நெருங்கும்போது 0.6-ஆலும் பெருக்கினால் பயிரின் அன்றைய தேவை வரும். 5 மி.மீ.க்குக் குறைவான தூறலை மழைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது இலையையும் மேல்மண்ணையும் நனைத்துவிட்டு வெயிலில் போய்விடும்.

எத்தனை நாளுக்கு ஒரு தண்ணீர்

‘வாரம் ஒரு தண்ணீர்’ என்ற வழக்கம் ஒரு மண்ணுக்குச் சரியாக இருக்கும், பக்கத்து வயலின் மண்ணுக்குத் தப்பாகப் போகும். மண் பிடித்து வைத்துக்கொள்ளும் தண்ணீரின் அளவு மண்ணுக்கு மண் வேறு. ஒரு மீட்டர் ஆழத்துக்குச் செடி எடுக்கக்கூடிய தண்ணீர், மணற்பாங்கான மண்ணில் சுமார் 80 மி.மீ., வண்டல் கலந்த மண்ணில் 150 மி.மீ., களிமண்ணில் 190 மி.மீ. என்று வைத்துக் கணக்குப் போடலாம்.

வளர்ந்த பயிரின் வேர் ஒரு மீட்டருக்கும் கீழே போனாலும், தண்ணீரின் பெரும் பகுதியை மேல் 60 செ.மீ.யில்தான் எடுக்கிறது. வண்டல் மண்ணில் 60 செ.மீ.க்கு 90 மி.மீ. இருக்கும். அதில் பாதி தீர்ந்ததும் பாய்ச்ச வேண்டும், அதாவது 45 மி.மீ. செலவானதும். நாளைக்கு 7 மி.மீ. போகிறதென்றால் 6 நாள். மணற்பாங்கான மண்ணில் இதே கணக்கு 3 நாளில் முடிந்துவிடும். களிமண்ணில் 8 நாள் தாங்கும். பூக்கும் நேரத்தில் பாதி வரை இறங்க விடாமல் பத்தில் நான்கு பங்கு தீர்ந்ததுமே பாய்ச்சுவது நல்லது. வண்டல் மண்ணில் அது 5 நாள் இடைவெளி.

இளம்பயிரின் கணக்கு வேறு. வேர் 30 செ.மீ.தான் போயிருக்கும், ஆனால் நாளைக்கு இரண்டரை மி.மீ.க்கு மேல் குடிக்காது. வண்டல் மண்ணில் 9 நாள் தாராளமாகப் போகும். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். சின்னப் பயிர் காயக்கூடாது என்று நான்கு நாளுக்கு ஒருமுறை பாய்ச்சினால் வேர் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். மேல்மண் சற்று உலர்ந்தால்தான் அது ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். அப்படி இறங்கிய வேர், பூக்கும் காலத்து வெயிலில் பயிரைக் காப்பாற்றும்.

கணக்கை மண்ணிலும் சரிபார்க்க வேண்டும். செடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, மண்வெட்டியால் முதலில் 15 செ.மீ., பிறகு 30 செ.மீ., முடிந்தால் 45 செ.மீ. ஆழத்தில் ஒரு பிடி மண் எடுங்கள். உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடித்துத் திறந்து பாருங்கள். வண்டல் மண் உருண்டை பிடித்து, கையில் ஈரக் கறை படிந்தால் தண்ணீர் தேவையில்லை. உருண்டை பிடிக்கிறது, ஆனால் விரலால் தட்டினால் உடைகிறது, கையில் கறையும் இல்லை என்றால் பாதி தீர்ந்துவிட்டது, மறுநாள் பாய்ச்சலாம். உருண்டையே பிடிக்காமல் உதிர்ந்தால் தாமதமாகிவிட்டது. களிமண்ணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தள்ளினால் பட்டையாக நீள வேண்டும். நீளாமல் ஒடிந்து விழுந்தால் பாய்ச்சும் நேரம். மேல்மண்ணின் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மேலே வெளுத்துக் கிடக்கும் வயலில் ஒரு சாணுக்குக் கீழே நல்ல ஈரம் இருப்பதும், மேலே ஈரமாக இருந்து கீழே காய்ந்து கிடப்பதும் அடிக்கடி நடப்பவை.

இலை சுருள்வதும் ஓர் அடையாளம்தான். உச்சி வெயிலில் சுருண்டு மாலையில் விரிந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. காலை ஒன்பது, பத்து மணிக்கே சுருளத் தொடங்கினால் ஈரம் போதவில்லை. ஆனால் அந்த அடையாளம் தெரியும்போது பயிர் ஏற்கெனவே கொஞ்சம் இழந்திருக்கும். பூக்கும் காலத்தில் இலையை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

மோட்டாரை எவ்வளவு நேரம் ஓட்டுவது

குழாய் வாயில் 200 லிட்டர் டிரம் வைத்து, நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று மூன்று முறை பார்த்து சராசரி எடுங்கள். 20 வினாடி என்றால் வினாடிக்கு 10 லிட்டர், மணிக்கு 36,000 லிட்டர். ஒரு ஏக்கருக்கு 45 மி.மீ. கொடுக்க 1,82,000 லிட்டர் வேண்டும். சால் பாசனத்தில் (வரிசைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் தண்ணீர் ஓட விடும் முறை) விடும் தண்ணீரில் ஏறக்குறைய 65 சதவீதம்தான் வேர்ப் பகுதியில் நிற்கும் என்று கொண்டால் 2,80,000 லிட்டர் விட வேண்டும். அதாவது ஏழே முக்கால் மணி நேரம். கோடையில் கிணற்று மட்டம் இறங்கியதும் வரத்து குறையும்; டிரம் சோதனையை மாதம் ஒரு முறை திரும்பச் செய்யுங்கள்.

பார் சால் பாசனம்

மக்காச்சோளத்தைச் சமப் பாத்தியில் விதைத்துத் தண்ணீர் கட்டுவதை விட்டுவிடலாம். 60 செ.மீ. இடைவெளியில் பார் (நீள மேடு) பிடித்து, பாரின் பக்கச் சரிவில் விதையுங்கள். தண்ணீர் சாலில் ஓடும், செடியின் தூர் நனையாது, மழை வந்தால் அதே சால் வடிகாலாகும்.

சாலில் தண்ணீர் எவ்வளவு வேகமாகக் கடைமுனைக்குப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மொத்தம் திறந்து வைக்கும் நேரத்தில் நான்கில் ஒரு பங்குக்குள் தண்ணீர் கடைமுனையைத் தொட வேண்டும். இரண்டு மணி நேரம் விடுகிறோமென்றால் அரை மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டும். ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து போனால், தண்ணீர் நுழையும் தலைப்பில் வேருக்குக் கீழே தண்ணீர் இறங்கி உரத்தையும் இழுத்துக்கொண்டு போகும், கடைமுனையில் மண் பாதிதான் நனையும். வயலின் தலைப்பில் வெளுத்த பயிரும் கடையில் வாடிய பயிரும் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. ஒரே நேரத்தில் திறக்கும் சால்களின் எண்ணிக்கையைக் குறைத்து ஒவ்வொன்றிலும் வரத்தைக் கூட்டுங்கள். அதுவும் போதாவிட்டால் சாலின் நீளத்தைப் பாதியாக்கி நடுவில் ஒரு வாய்க்கால் எடுங்கள். வரத்தைக் கூட்டுவதற்கும் ஓர் எல்லை உண்டு. 100 மீட்டருக்கு அரை மீட்டர் சரிவுள்ள நிலத்தில் ஒரு சாலுக்கு வினாடிக்கு 1.2 லிட்டருக்கு மேல் விட்டால் மண் அரிக்கும். தண்ணீர் கடைமுனையைத் தொட்டதும் மடையைப் பாதியாகச் சுருக்கிவிடுங்கள், கடையில் வழிந்து வீணாவது நிற்கும்.

தண்ணீர் குறைவாக உள்ளபோது ஒரு சால் விட்டு ஒரு சால் பாய்ச்சலாம். அடுத்த முறை, இப்போது பாய்ச்சாமல் விட்ட சாலில் பாய்ச்ச வேண்டும். வண்டலிலும் களிமண்ணிலும் இது நன்றாக வரும். பக்கவாட்டில் ஈரம் பரவாத மணல் மண்ணில் வராது. பூக்கும் மூன்று வாரத்துக்கு இந்த முறையை நிறுத்திவிட்டு எல்லாச் சாலிலும் விடுங்கள்.

சொட்டுநீர்

இரட்டை வரிசை முறை சிக்கனமானது. இரண்டு வரிசைக்கு நடுவில் 45 செ.மீ., அடுத்த ஜோடிக்கு 75 செ.மீ. விட்டு, ஜோடியின் நடுவில் ஒரு 16 மி.மீ. பக்கவாட்டுக் குழாய். குழாய்க்குக் குழாய் 120 செ.மீ. வரும். 40 செ.மீ.க்கு ஒரு சொட்டுவான், மணிக்கு 2 லிட்டர் என்றால் மணிக்கு 4.2 மி.மீ. விழும். பயிருக்கு 6 மி.மீ. தேவைப்படும் நாளில், பத்தில் ஒரு பங்கு சேதாரம் சேர்த்து, சுமார் 1 மணி 35 நிமிடம். ஆனால் ஒரு ஏக்கர் முழுவதையும் ஒரே நேரத்தில் திறந்தால் மணிக்கு 17,000 லிட்டர் வேண்டும். மோட்டார் அதைக் கொடுக்குமா என்று பார்த்து, கொடுக்காவிட்டால் இரண்டு மூன்று பகுதியாகப் பிரித்து வால்வு வையுங்கள்.

குழாயின் முதல் சொட்டுவானுக்கும் கடைசிச் சொட்டுவானுக்கும் அடியில் ஆளுக்கொரு கிண்ணம் வைத்து 6 நிமிடம் பிடியுங்கள். 2 லிட்டர் சொட்டுவானில் 200 மி.லி. வர வேண்டும். இரண்டுக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குழாய் நீளம் அதிகம், அல்லது வடிகட்டி அடைத்திருக்கிறது, அல்லது அழுத்தம் போதவில்லை. இதைச் சரிசெய்யாமல் குழாய் வழியாக உரம் விட்டால் தண்ணீரின் ஏற்றத்தாழ்வு உரத்திலும் அப்படியே வரும்.

பூக்கும் மூன்று வாரம்

தண்ணீர் ஒரு பருவத்துக்குத்தான் போதும் என்ற நிலை வந்தால், ஆண் பூ வெளிவருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து நூல் விட்டபின் இரண்டு வாரம் வரையிலான நாட்களுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். வேறு எந்தப் பருவத்தில் வாடினாலும் பயிர் ஓரளவு ஈடுகட்டிவிடும். இங்கே முடியாது.

கதிரிலுள்ள ஒவ்வொரு மணிக்கும் ஒரு நூல் இருக்கிறது. அந்த நூலில் மகரந்தம் விழுந்தால்தான் மணி உண்டாகும். நூல் நீள்வதற்குத் தண்ணீர் வேண்டும். ஈரம் குறைந்தால் நூல் நீள்வது தாமதப்படும், ஆனால் ஆண் பூ தன் நேரத்துக்குத் தூள் கொட்டிவிடும். நூல் வெளியே எட்டிப் பார்க்கும்போது மகரந்தம் தீர்ந்திருக்கும். கதிரின் அடிப்பகுதி நூல்கள் முதலில் வெளிவரும், நுனி நூல்கள் கடைசியில். அதனால்தான் வறண்ட வயலில் கதிர் அடியில் மணி பிடித்து நுனி மொட்டையாக இருக்கிறது. அதன்பிறகு வரும் இரண்டு வாரத்தில் தண்ணீர் போதாவிட்டால், உண்டான இளம் மணிகளையே செடி கைவிட்டுவிடும்; அதுவும் நுனியிலிருந்துதான். இந்த நாட்களில் எந்தக் காரணத்துக்காகவும் தண்ணீரைத் தள்ளிப்போடாதீர்கள்.

தேங்கும் தண்ணீர்

மக்காச்சோளம் வறட்சியைவிடத் தேங்கும் தண்ணீருக்கு அதிகம் அஞ்சும் பயிர், குறிப்பாக இளமையில். ஆறு இலை பருவம் வரை வளரும் நுனி மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு நாளுக்கு மேல் தண்ணீர் நின்றால் மூச்சுத் திணறிச் சாகும். விதைக்கும் முன்பே வயலின் தாழ்ந்த மூலையிலிருந்து ஒரு வடிகால் எடுத்துவையுங்கள். தண்ணீர் வடிந்தபின் பயிர் வெளிர் மஞ்சளாக நிற்பதற்குக் காரணம், வேர் மூச்சு விடாததும் நைட்ரேட் வாயுவாகப் போனதும். மண் கால் வைக்கும் பதத்துக்கு வந்ததும் 20 முதல் 25 கிலோ யூரியாவைக் கூடுதலாக வரிசையோரம் இட்டு மண் அணைத்தால் பெரும்பாலும் மீளும். சேற்றில் வீச வேண்டாம்.

உப்புத் தண்ணீரில் கவனம் தேவை. பாசன நீரின் மின்கடத்துத்திறன் (உப்பின் அளவைக் காட்டும் எண்) மீட்டருக்கு 1.1 டெசிசீமன்ஸ் தாண்டினாலே மகசூல் குறையத் தொடங்கும். அப்படிப்பட்ட நீரில் பொட்டாசியம் குளோரைடை (வழக்கமாகப் பொட்டாஷ் எனப்படும் உரம்) மொத்தமாக அடியில் இடாமல் பிரித்து இடுங்கள், அல்லது பொட்டாசியம் சல்பேட்டுக்கு மாறுங்கள்.

எவ்வளவு உரம்

ஒரு டன் மணி விளையப் பயிர் மொத்தமாக 20 முதல் 25 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) எடுக்கிறது. நான்கு டன் எதிர்பார்க்கும் வயலுக்கு 100 கிலோ தழைச்சத்து நியாயம். மண்ணும் தண்ணீரும் இரண்டரை டன்னுக்கு மேல் கொடுக்காத இடத்தில் அதே 100 கிலோ இடுவது வீண், 60 கிலோ போதும். மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) அளவை மண் பரிசோதனை சொல்ல வேண்டும். சராசரி மண்ணுக்குத் தலா 30 கிலோ. பரிசோதனையில் குறைவு என்று வந்தால் கால் பங்கு கூட்டவும், அதிகம் என்று வந்தால் கால் பங்கு குறைக்கவும்.

தொழு உரத்தையும் கணக்கில் சேருங்கள், ஆனால் மிகைப்படுத்த வேண்டாம். அரை சதவீதம் தழைச்சத்துள்ள 5 டன் தொழு உரத்தில் 25 கிலோ இருக்கிறது. முதல் பருவத்தில் பயிருக்குக் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அதன் பெரிய உதவி மண்ணின் ஈரப்பிடிப்பில் தெரியும். தட்டையைத் தீவனத்துக்கு எடுத்துவிடும் வயலில் சாம்பல்சத்தைக் குறைக்காதீர்கள். பயிர் எடுத்த சாம்பல்சத்தில் பெரும்பங்கு தட்டையிலும் இலையிலும்தான் இருக்கிறது, அது வண்டியேறி வயலை விட்டுப் போய்விடுகிறது.

இனி 100:30:30 என்ற அளவை மூட்டைக் கணக்காக மாற்றுவோம். டிஏபியில் (டை அம்மோனியம் பாஸ்பேட்) 18 சதவீதம் தழைச்சத்தும் 46 சதவீதம் மணிச்சத்தும் உண்டு. 30 கிலோ மணிச்சத்துக்கு 65 கிலோ டிஏபி; அதிலேயே ஏறக்குறைய 12 கிலோ தழைச்சத்து வந்துவிடும். பலர் இதைக் கழிக்க மறக்கிறார்கள். மீதி 88 கிலோவுக்கு, 46 சதவீதமுள்ள யூரியா 192 கிலோ. 60 சதவீத பொட்டாஷ் 50 கிலோ.

பிரித்து இடுவது இப்படி:

அடியுரம், விதைக்கும்போது: டிஏபி 65 கிலோ, பொட்டாஷ் 50 கிலோ, யூரியா 29 கிலோ. மணல் மண்ணில் பொட்டாஷைப் பாதி இப்போதும் பாதி முதல் மேலுரத்தோடும்.

முதல் மேலுரம், சுமார் 25-ஆம் நாள்: யூரியா 109 கிலோ.

இரண்டாம் மேலுரம், சுமார் 45-ஆம் நாள், ஆண் பூ வருமுன்: யூரியா 54 கிலோ.

25-ஆம் நாள் என்பதைவிட இலையை எண்ணுவது நம்பகமானது. குளிரில் பயிர் மெதுவாக வளரும், வெப்பத்தில் ஓடும். இலை தண்டோடு சேரும் இடத்தில் வெளிறிய கழுத்து தெரியும் இலைகளை மட்டும் எண்ணுங்கள். நுனி வட்டமாக இருக்கும் முதல் குட்டி இலையும் கணக்கில் சேரும். ஆறிலிருந்து எட்டு வந்தால் முதல் மேலுரத்துக்கு நேரம். கதிரில் எத்தனை வரிசை மணி என்பது இந்தச் சமயத்தில்தான் முடிவாகிறது. அடுத்த ஐந்து வாரத்தில் பயிர் தழைச்சத்தை ஓட்டமாக எடுக்கும். நூல் விடும் நாளுக்குள் மொத்தத் தேவையில் மூன்றில் இரண்டு பங்கு உள்ளே போயிருக்கும். ஆண் பூ வந்தபிறகு ‘கடைசி உரம்’ என்று பெரிய அளவில் யூரியா இடுவதில் பலன் குறைவு. மணல் மண்ணில் மூன்று பங்கை ஐந்தாக உடையுங்கள், ஒரு தடவைக்கு 40 கிலோ யூரியாவைத் தாண்ட வேண்டாம்.

எங்கே இடுவது

அடியுரம் விதைக்கு 5 செ.மீ. பக்கத்திலும் 5 செ.மீ. கீழேயும் இருக்க வேண்டும். யூரியா விதையைத் தொட்டால் அதிலிருந்து வெளிவரும் அம்மோனியா முளையைக் கருக்கும்; வரிசையில் இடையிடையே முளைக்காத திட்டுகள் தெரிந்தால் தோண்டிப் பாருங்கள், பழுப்பேறிய முளை கிடைக்கும். மணிச்சத்து மண்ணில் நகராது. மேலே தூவினால் மேலேயே நிற்கும், இளம் வேர் தேடிப் போக முடியாது. அதனால் அதைக் கோடாக இடுவது கட்டாயம்.

மேலுரத்தைக் களையெடுத்த பிறகே இடுங்கள். முதல் 40 நாள் களைக்கு விட்டுக்கொடுத்தால் தண்ணீரிலும் யூரியாவிலும் அது முதல் பங்கு எடுத்துக்கொள்ளும். வரிசையிலிருந்து 10 செ.மீ. தள்ளி, பாரின் தோள்பட்டையில், சாலின் நீர்க்கோட்டுக்குச் சற்று மேலே 4, 5 செ.மீ. ஆழத்தில் கோடு கிழித்து இட்டு மண்ணால் மூடுங்கள். சாலின் நடுவில் இட்டால் ஓடும் தண்ணீர் கரைத்துக் கடைமுனைக்கும் ஆழத்துக்கும் கொண்டுபோகும். தோள்பட்டையில் இருந்தால் ஈரம் கசிந்து மேலேறி உரத்தைக் கரைத்து வேருக்குக் கொடுக்கும். உரம் இட்டு மண் அணைப்பதை ஒரே வேலையாகச் செய்தால் தாங்கு வேருக்கும் பிடி கிடைக்கும். பயிருக்கு மேலிருந்து வீசும் பழக்கம் வேண்டாம். குருத்துக்குள் விழும் யூரியா மணிகள், பனி ஈரத்தில் கரைந்து இலையைப் பொசுக்கும்.

யூரியாவும் தண்ணீரும் சேரும் இடம்

யூரியா மண்ணில் விழுந்ததும் நொதியால் அம்மோனியமாக மாறுகிறது. வெப்பமான ஈர மண்ணில் இரண்டு மூன்று நாளில் பெரும்பகுதி மாறிவிடும். அந்த மாற்றம் மண்ணின் மேற்பரப்பில் நடந்தால் அம்மோனியா காற்றில் கலக்கும். கார மண்ணில் இழப்பு இன்னும் அதிகம். மாறாத யூரியாவோ தண்ணீர் போகிற இடமெல்லாம் கூடவே போகும், மண் துகள் அதைப் பிடித்து வைக்காது.

ஆகவே தேவைப்படுவது இடைப்பட்ட வழி. மூடாமல் இட நேர்ந்தால் ஒரு நாளுக்குள் 10 முதல் 15 மி.மீ. தண்ணீர் வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். தெளிப்பு நீரிலும் சொட்டு நீரிலும் அந்த அளவைப் பிடிக்கலாம். சால் பாசனத்தில் அவ்வளவு மெல்லிய தண்ணீர் விட முடியாது. அங்கே முதலில் தண்ணீர் பாய்ச்சி, மண் வேலை செய்யும் பதத்துக்கு வந்ததும் யூரியாவை இட்டு மூடி, அடுத்த தண்ணீரை வழக்கமான நாளில் விடுவது பாதுகாப்பு. காய்ந்த மண்ணில் இட்டாக வேண்டுமென்றால் மூடிய பிறகு, மடை திறக்கும் நேரத்தைச் சுருக்கித் தண்ணீர் விடுங்கள். கனமழை எதிர்பார்க்கும் நாளில் 109 கிலோவையும் ஒரே நாளில் இடாதீர்கள். பாதி இட்டு, மழை போனபின் மீதி.

குழாய் வழியாக உரம்

சொட்டுநீரில் மணிச்சத்து முழுவதையும், பொட்டாஷில் பாதியையும் அடியில் இட்டுவிட்டு, யூரியாவை வாரம் ஒருமுறை விடலாம். 20-ஆம் நாள் வரை மொத்தம் 19 கிலோ. 21 முதல் 40 நாள் வரை மூன்று தடவையாகத் தலா 29 கிலோ. 41 முதல் 60 வரை மூன்று தடவையாகத் தலா 26 கிலோ. நூல் விட்டபின் மிச்சம் 8, 10 கிலோ. மீதிப் பொட்டாஷை, முழுதாகக் கரையும் வெள்ளை ரகமாகப் பார்த்து, 50 நாளுக்குள் முடியுங்கள்.

ஒரு கிலோ யூரியாவுக்கு 4 லிட்டர் தண்ணீர் எடுங்கள். கரையும்போது தண்ணீர் சில்லென்று குளிரும், குளிர்ந்தால் கரைவது மெதுவாகும். கொஞ்ச நேரம் விட்டுத் திரும்பக் கலக்குங்கள். பாசன நேரத்தை நான்காகப் பிரித்து, முதல் கால் பங்கு வெறும் தண்ணீர், நடுவில் இரண்டு பங்கு உரம், கடைசிக் கால் பங்கு மறுபடி வெறும் தண்ணீர். கடைசிப் பங்கை விட்டுவிட்டால் குழாயில் நிற்கும் உரநீரில் பாசி பிடித்துச் சொட்டுவான் அடைக்கும். டிஏபியைக் கரைத்துக் குழாயில் விட வேண்டாம். கால்சியம் நைட்ரேட்டைச் சல்பேட் உரத்தோடும் பாஸ்பேட் உரத்தோடும் ஒரே தொட்டியில் கலந்தால் வெள்ளையாகத் திரிந்து படியும். மோட்டார் நின்றால் உரநீர் கிணற்றுக்குத் திரும்பாதபடி ஒருவழி வால்வு கட்டாயம் வேண்டும்.

துத்தநாகமும் இலையில் தெரியும் குறைகளும்

துத்தநாகக் குறை மக்காச்சோளத்தில் மிகச் சாதாரணம். முளைத்து இரண்டு மூன்று வாரத்தில் புதிய இலைகளின் அடிப்பாதியில், நடு நரம்புக்கு இருபுறமும் வெள்ளைப் பட்டை ஓடும். கணுக்கள் நெருங்கிப் பயிர் குட்டையாகும். தடுக்க, விதைக்கும் முன் 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ மணலில் கலந்து தூவுங்கள். டிஏபியோடு கலக்கக் கூடாது, இரண்டும் சேர்ந்து கரையாத பொருளாகிவிடும். ஒருமுறை இட்டால் அடுத்த ஒன்றிரண்டு பயிருக்கும் மிச்சம் இருக்கும். குறை தெரிந்த பிறகென்றால் 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் துத்தநாக சல்பேட், 25 கிராம் நீற்றிய சுண்ணாம்பு கலந்து வடிகட்டி, பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளியுங்கள்.

மற்றக் குறைகளில் முதலில் பார்க்க வேண்டியது கீழ் இலையா, மேல் இலையா என்பது. கீழ் இலையில் நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக ஆப்பு போல மஞ்சள் இறங்கினால் தழைச்சத்து. கீழ் இலையின் ஓரம் மட்டும் கருகி நடுப்பகுதி பச்சையாக இருந்தால் சாம்பல்சத்து. அப்படிப்பட்ட வயல் காற்றில் சாயும். இளம்பயிரின் இலையோரம் ஊதாவாக மாறினால் மணிச்சத்துக் குறையாக இருக்கலாம், ஆனால் குளிரிலும் இறுகிய மண்ணிலும் வேர் ஓடாததாலும் இது வரும், வேரைப் பிடுங்கிப் பார்த்த பிறகே முடிவெடுங்கள். மேல் இலைகள் முழுதாக வெளிறினால் கந்தகம். கந்தகம் குறைந்த மண்ணில் டிஏபிக்குப் பதில் 188 கிலோ சூப்பர் பாஸ்பேட் இடலாம், அதோடு 20 கிலோ கந்தகம் சேர்ந்து வரும். அப்போது டிஏபி தந்த 12 கிலோ தழைச்சத்துக்கு ஈடாக 26 கிலோ யூரியாவைக் கூட்ட வேண்டும்.

இரண்டாம் மேலுரம் தேவையா என்று சந்தேகமிருந்தால், வயலில் நான்கு வரிசையை மட்டும் ஆரம்பத்திலேயே தாராளமாகத் தழைச்சத்து கொடுத்து வளருங்கள். 45-ஆம் நாளில் அந்த வரிசைக்கும் மற்ற வயலுக்கும் பச்சையில் வித்தியாசம் தெரியாவிட்டால் 54 கிலோவைப் பாதியாக்கலாம்.

தண்ணீரை எப்போது நிறுத்துவது

மணி பார்க்க முற்றிவிட்டது என்று சீக்கிரம் நிறுத்துவதும், இலை பச்சையாக இருக்கிறதே என்று கடைசி வரை விடுவதும் இரண்டும் நஷ்டம். வயலின் நடுவிலிருந்து ஒரு கதிரைப் பறித்து, குறுக்கே இரண்டாக ஒடியுங்கள். நுனிப் பக்கத்துத் துண்டில், மணியின் கருவில்லாத முகத்தைப் பாருங்கள். மேலே இறுகிய அடர்மஞ்சள், கீழே வெளிறிய பால். இரண்டுக்கும் நடுவே தெளிவாக ஒரு கோடு தெரியும். நகத்தால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வந்தால் எந்த இடத்தில் நகம் பதிகிறதோ அதுதான் கோடு. அது பாதி இறங்கியிருந்தால் இன்னும் சுமார் இரண்டு வாரம் மணி எடை கூடும், அதற்கு 50 முதல் 60 மி.மீ. தண்ணீர் வேண்டும். நல்ல வண்டலிலும் களிமண்ணிலும் அந்த நிலையில் வேர்ப் பகுதி நிறைய ஈரமிருந்தால் அதுவே பெரும்பாலும் போதும். மணல் மண்ணில் இன்னும் இரண்டு மெல்லிய தண்ணீர் தேவைப்படும். மணியின் அடிமுனையில், கதிர்க்கட்டையோடு சேரும் இடத்தைச் சுரண்டிப் பார்க்கும்போது கறுப்புப் படலம் தெரிந்தால் மணி மூடிக்கொண்டது. அதன்பின் விடும் ஒரு சொட்டும் மணிக்குள் போகாது.

அடுத்த பருவத்துக்கான யூரியா அளவை இந்தத் தட்டையே சொல்லும். கறுப்புப் படலம் வந்து ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள், தரையிலிருந்து 15 செ.மீ. மேலே 20 செ.மீ. நீளத்துக்குத் தண்டை வெட்டி, வயலின் பல இடங்களிலிருந்து 15 துண்டு சேர்த்து, இலையுறையை நீக்கிக் காகிதப் பையில் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். தண்டில் நைட்ரேட் நைட்ரஜன் பத்து லட்சத்தில் 700 முதல் 2,000 பங்கு வரை இருந்தால் அளவு சரி. 2,000-க்கு மேல் என்றால் பயிர் எடுத்தும் பயன்படுத்தாமல் மிச்சம் வைத்திருக்கிறது, அடுத்த முறை 15, 20 கிலோ தழைச்சத்தைக் குறைத்துப் பாருங்கள். 250-க்குக் கீழ் என்றால் பயிர் பசியோடு முடிந்திருக்கிறது. உரத்தைக் கூட்டும் முன், அந்தப் பருவத்தில் யூரியா இட்ட ஒவ்வொரு முறையும் அடுத்த தண்ணீர் எப்போது, எவ்வளவு போனது என்று குறிப்பேட்டில் பாருங்கள்.